பீஸ் சுத்தின கை

எங்கள் பக்கத்தில் ஃப்யூஸ் என்று வாயைக் குவித்துச் சொன்னால் யாருக்கும் விளங்காது. பீஸ் என்றுதான் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் கட்டுவதும் பீஸ், மோட்டார் கொட்டாயில் கட்டுவதும் பீஸ். "பீஸ் கட்டியாச்சா?" என்று ஒருத்தர் கேட்டால், அவர் பிள்ளைகுட்டிக்காரரா கிணற்றுக்காரரா என்று பார்த்துத்தான் பதில் சொல்வோம். கிணற்று பீஸை எப்படிக் கட்டுவது என்பதில் ஊருக்கே ஒரு கொள்கை உண்டு. ஒற்றை இழை போட்டால் கரண்ட் ஏறி இறங்கும்போது பட்டென்று போய்விடும், மறுபடி யார் வரப்பில் நடந்துபோய்க் கட்டுவது? அதனால் நாலு இழையைச் சேர்த்துப் போட்டுவிடுவது. மோட்டார் எரிந்தால் எரியட்டும், பீஸ் போகக் கூடாது. கதவு உடைந்தாலும் தாழ்ப்பாள் உடையக் கூடாது என்கிற புத்திசாலித்தனம் இது. இதற்கு ஏழை பணக்காரன் வித்தியாசம் கிடையாது, ஊரும் காலனியும் இதில் ஒன்றுதான்.

நாகரசம்பட்டியில் மாந்தோப்புக்காரர் சென்னகிருஷ்ணன் வீட்டில் ஒரு வெள்ளை அம்பாசிடர் இருக்கிறது. அவருடைய அப்பா காலத்து வண்டி. மகன் சுரேந்தர் புதுக்கார் ஒன்று வாங்கி நிறுத்தியிருக்கிறான், கதவைத் திறந்தால் பாட்டுப் பாடும். ஆனாலும் நல்ல காரியம் என்றால் அம்பாசிடரைத்தான் வெளியே எடுப்பார்கள். வீட்டுக்காரம்மா ருக்மணி மருமகளாக வந்து இறங்கியது அதில்தான். மகள் பிரியா கல்யாணமாகி ஓசூருக்குப் போனதும் அதில்தான். அந்த வண்டியை ஓட்டுகிறவர் ராமப்பன். காலனிக்காரர். அவருடைய அப்பா அதே தோப்பில் காவல் இருந்தார், இவர் ஸ்டீரிங் பிடித்தார். காலனியிலிருந்து அந்தக் காருக்குள் உட்கார்ந்தவர் அவர் ஒருத்தர்தான், அதுவும் முன்சீட்டில் வலது பக்கம்.

ராமப்பனுக்கு வாழ்க்கையில் பெருமை இரண்டு. ஒன்று இந்தக் கார். இன்னொன்று மருமகள் வினோதா. தொரப்பள்ளியிலிருந்து எடுத்த பெண். ஓசூர்ப் பக்கம் காருக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் வேலை. விடியுமுன் மத்தூரிலிருந்து கம்பெனி பஸ் ஏறினால் இருட்டுகிற நேரம் வீடு. மகன் விமல்ராஜும் ஓசூரில்தான், வார்ப்படத் தொழிற்சாலையில் ஷிப்டு மாறி மாறி வருவதால் அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, பதினைந்து நாளுக்கு ஒருதரம் வருவான். பெண் பார்க்கப் போனபோது தரகர் "பொண்ணு காரு வயரிங் பண்ணுது" என்றார். ஊர் திரும்புவதற்குள் ராமப்பன் அதை "காரு வயரிங் இஞ்சினீரு" ஆக்கிவிட்டார். டீக்கடையில், பஸ்ஸில், ரேஷன் கடை வரிசையில், எங்கே யார் கிடைத்தாலும் அந்தப் பேச்சுத்தான். ஓடுகிற வண்டியில் பாதி வண்டி தன் மருமகள் கை பட்டது என்பார். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். கம்பெனிக்குள் போய்ப் பார்த்தவன் யார்?

கம்பெனிக்குள் நடப்பது வேறு. ஒரு பெரிய பலகை மெதுவாக நகர்ந்து வரும். அதன்மேல் வயர்கள் மரக்கிளை மாதிரி பிரிந்து கிடக்கும். வினோதா நிற்கிற இடத்துக்கு வரும்போது இடது பக்கம் ஒரு கிளைக்கு அவள் கருப்பு டேப் சுற்ற வேண்டும். ஒரு சுற்றின்மேல் அடுத்த சுற்று சரிபாதி ஏறியிருக்க வேண்டும். இடைவெளி விழுந்தால் சூப்பர்வைசர் திட்டுவார். பலகை நகர்ந்துவிடும், அடுத்த பலகை வந்துவிடும். அந்தக் கிளை விளக்குக்குப் போகிறதா ஹாரனுக்குப் போகிறதா என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை, கேட்க நேரமும் இருந்ததில்லை. சேர்ந்த நாள் முதல் அதே கிளைதான். முழுக் காரைத் திறந்து அவள் உள்ளே பார்த்ததே கிடையாது.

மாமனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவதைக் கேள்விப்பட்டபோதே அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. காலனி முனையில் பெரிய வீட்டுப் பெண்கள் எதிர்ப்பட்டால் "இதான் அந்த இஞ்சினீரு பொண்ணா" என்று நின்று பார்ப்பார்கள். அது அவளுக்குத் தித்திப்பாக இருந்தது. அந்தத் தித்திப்புக்குத்தான் பின்னால் அவ்வளவு வெட்கப்பட்டாள்.

பிரியாவுக்கு ஏழாம் மாதம். ஓசூரில் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடித்துத் தாய்வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். மாங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்த சமயம், மத்தியானத்துக்கு மேல் தினமும் மழை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ராமப்பன் வண்டியைத் துடைத்துவிட்டு வைப்பரைப் போட்டுப் பார்த்தார். ஒரு தரம் ஆடி நின்றுவிட்டது. பானட்டைத் தூக்கிப் பார்த்தால் பீஸ் போயிருந்தது. அந்தக் காலத்து வண்டியில் பீஸ் கட்டை என்பது உள்ளங்கையளவு கருப்புக் கட்டை, அதில் விரல் நீளத்தில் இரண்டு கண்ணாடிக் குழாய், ஆபத்துக்கு என்று ஓரத்தில் உபரியாக இரண்டு. உபரி ஒன்றைப் போட்டார், போனது. இரண்டாவதையும் போட்டார், அதுவும் போனது. அந்நேரத்துக்கு மத்தூரில் கடை திறந்திருக்காது. நல்ல நேரம் முடிவதற்குள் புறப்பட வேண்டும் என்று உள்ளேயிருந்து ருக்மணியம்மா குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர் சென்னகிருஷ்ணன் பூஜையறையில் இருந்தார்.

ராமப்பன் போன் போட்டார். வினோதாவுக்கு அன்று லீவு. துவைக்க ஊறவைத்த துணியை அப்படியே விட்டுவிட்டுத் தோப்புக்குள் புகுந்து கார் கொட்டகைக்கு வந்தாள். அந்த வீட்டு மதிலுக்குள் அவள் வருவது அதுதான் முதல்முறை. மாமனார் பானட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பரீட்சைக்குப் பிள்ளையை அனுப்பிய தகப்பன் மாதிரி அவள் முகத்தையே பார்த்தார்.

எனக்குத் தெரியாது மாமா என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வந்திருந்தால் இந்தக் கதை இல்லை. கட்டையைப் பார்த்தாள். பீஸ் என்றால் அவளுக்குத் தெரிந்தது தொரப்பள்ளியில் அவள் அப்பா கிணற்று மோட்டாருக்குக் கட்டுகிற பீஸ்தான். கொட்டகையில் பழைய மோட்டார் வயர் சுருட்டிக் கிடந்தது. அதை உரித்து நாலு இழை செம்புக் கம்பி எடுத்தாள். போன பீஸின் கண்ணாடிக் குழாய்மேல் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை சுற்றினாள். கைக்குத் தெரிந்த ஒரே வேலை அது. அழகாகச் சுற்றினாள். மாட்டியதும் வைப்பர் கடகடவென்று ஆடியது. ராமப்பன் சிரித்த சிரிப்பை அவள் மறக்கவே மாட்டாள்.

சம்பந்தி வீட்டில் சாப்பாடு முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது, பெரியவர் காதில் விழ, "காலையில வண்டி நின்னுபோச்சுங்க, எம் மருமகதான் வந்து ஒரு நிமிசத்துல சரி பண்ணுச்சு" என்று சொல்ல வேண்டும். போகிற வழியெல்லாம் ராமப்பன் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அங்கே அவருக்கு இலை பின்கட்டில் போட்டார்கள். சொல்ல வாய்ப்பு அமையவில்லை. சரி, திரும்பும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது சூளகிரி தாண்டி மழை பிடித்தது. வைப்பர் நிற்காமல் ஆடியது. மேலுமலை இறக்கத்தில், பின்னால் கண்டெய்னர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வர, பானட் ஓரத்திலிருந்து புகை கிளம்பியது. ரப்பர் தீய்ந்த நாற்றம் உள்ளே நிறைந்தது. ராமப்பன் வண்டியை ஓரம் கட்டி, எல்லாரையும் இறங்குங்க இறங்குங்க என்று கத்தி, பானட்டைத் தூக்கி, எரிகிற வயர்களுக்கு நடுவே வெறும் கையை விட்டு பேட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தார். உள்ளங்கை வெந்துவிட்டது. பதறி இறங்கிய பிரியா சேற்றில் வழுக்கி முட்டி போட்டு விழுந்தாள். கையை ஊன்றியதில், பிரசவம் வரை கழற்றக் கூடாத வளைகாப்பு வளையல் பாதிக்குமேல் உடைந்து தார்ரோட்டில் சிதறியது. ருக்மணியம்மா மழையில் உட்கார்ந்து அந்தத் துண்டுகளைப் பொறுக்கினார் என்று சொல்கிறார்கள். யாரோ ஒரு வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை, துடிப்பு நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லும்வரை பெரியவர் வராந்தாவில் நின்றபடியே இருந்தார். சொன்ன பிறகு ராமப்பன் பக்கம் திரும்பினார். பானட்டுக்குள் பீஸ்மேல் கம்பி சுற்றியிருந்ததை ரோட்டிலேயே அவர் பார்த்திருந்தார்.

"பீஸ்ல யாருடா கைய வெச்சது?"

காலையிலிருந்து வாய்க்குள் பத்திரமாக வைத்திருந்த பெயர் அது. ராமப்பன் விழுங்கிக்கொண்டார்.

"நான்தானுங்கய்யா."

பெரியவர் கை ஓங்கவில்லை. அவர் கெட்ட மனுஷர் இல்லை, கெட்டவராக இருந்திருந்தால் ராமப்பனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையை நீட்டினார், சாவியை வாங்கிக்கொண்டார், இனிமே வண்டிப் பக்கம் வராதே என்றார். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து ராமப்பன் வீட்டில் இருந்தார். கையில் துணிக்கட்டு. டீக்கடைக்குப் போகவில்லை. கர்ப்பிணிப் பெண்ணைக் கொல்லப் பார்த்தான் என்று ஊரில் பேச்சு. வயசாகிவிட்டால் ஸ்டீரிங்கை விட்டுவிட வேண்டும் என்று, சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவர்கள் சொன்னார்கள். அவர் மனைவி சென்னம்மா கர்நாடகத்துப் பக்கம் பிறந்தவள், கோபம் வந்தால் கன்னடம்தான் வரும். யாராவது வாசலில் நின்று விசாரித்தால் "சும்னே ஹோகு" என்று விரட்டிவிடுவாள். அவளுக்கும் நடந்தது தெரியாது. புருஷன் கை தவறிவிட்டது என்றே அழுதாள். இடது கையால் களியைக் கிள்ளிச் சாப்பிடப் பழகாத அவருக்கு அவளே உருட்டி ஊட்டினாள். எதிரே உட்கார்ந்து சாப்பிடுகிற வினோதாவுக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கம்பெனியில் டேப் சுற்றும்போது இடைவெளி விழுந்தது, சூப்பர்வைசர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

விமல்ராஜுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.  அவன், அப்பா எப்படிச் சொல்கிறாரோ அப்படியே இருந்துவிட்டுப் போ என்றான். அவனும் தன் ரூம்காரர்களிடம் பொண்டாட்டி இஞ்சினீர் என்று சொல்லி வைத்தவன்தான்.

ஒருநாள் சாயங்காலம் சென்னம்மா கடைக்குப் போயிருந்த நேரம், பின்பக்கம் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரிடம் போய் நின்றாள்.

"மாமா, நான் போயி அய்யாகிட்ட சொல்லிட்டு வந்துடறன்."

"என்னான்னு?"

"நான்தான் சுத்தனன்னு."

"நீ எங்க சுத்தன? நான்தான் சுத்தனன்."

"மாமா, உங்களுக்கு வேல போச்சு. கையும் வெந்து போச்சு. ஊருல என்னென்னமோ பேசறாங்க. எனக்கு சோறு எறங்கல."

"கம்முனு இரு. கெழவன், கண்ணு தெரியல, சுத்திட்டான். நாலு நாளு பேசுவானுங்க, அப்புறம் மாங்கா வெல எறங்கிச்சின்னா அதப் பேசப் போயிடுவானுங்க. நீ சுத்தனன்னு சொன்னா என்னா பேசுவானுங்க தெரியுமா? காலனிப் பொண்ணுக்கு இஞ்சினீரு ஒரு கேடான்னு கேப்பானுங்க. அத எங்காதால நான் கேக்க மாட்டன்."

"நான் இஞ்சினீரு இல்ல மாமா."

அவர் காதில் அது விழுந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. விழாத மாதிரி எழுந்து, "ஆட்டுக்குத் தழ ஒடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஒரு கையால் எப்படித் தழை ஒடிப்பார் என்று அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அவர் தன்னைக் காப்பாற்றுகிறார் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். தன்னையல்ல, வேறு எவளோ ஒருத்தியைக் காப்பாற்றுகிறார் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த ஒருத்தி இந்த வீட்டில் இல்லவே இல்லை.

எரிந்த கட்டைக்குப் பதில் புதிய மோஸ்தர் கட்டை போட்டுவிடலாம் என்று மத்தூர் எலெக்ட்ரீஷியன் ஆஞ்சப்பன் சொல்லியும் பெரியவர் ஒப்பவில்லை. வண்டியில் என்ன இருந்ததோ அதேதான் வேண்டும் என்றார். பெங்களூரில் பழைய சாமான் கடையில் தேடி, பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். வந்து சேர்ந்ததும் பெரியவர் காலனி முனைக்கே நடந்துவந்து ராமப்பனைக் கூப்பிட்டனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை உன் மருமகளை மத்தூருக்கு அனுப்பு, அவள் முன்னால்தான் மாட்டச் சொல்லியிருக்கிறேன் என்றார். வீட்டிலேயே இப்பேர்ப்பட்ட பெண்ணை வைத்துக்கொண்டு அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கம்பியைச் சுற்றினாயே என்று தலையில் அடித்துக்கொண்டார். நீயும் வந்து நின்று பார், கொஞ்சமாவது புத்தி வரும் என்று சொல்லிவிட்டுப் போனார். ராமப்பன் சரிங்கய்யா என்றார்.

பஸ்ஸில் போகும்போது அவர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றுதான். ஆஞ்சப்பன் கேட்டால் தலையாட்டு, சரியாத்தான் இருக்குது என்று சொல், போதும்.

சந்தை ரோட்டில் ஆஞ்சப்பன் கடை முன்னால் அம்பாசிடர் பானட்டைத் திறந்துகொண்டு நின்றிருந்தது. பெரியவர் முன்னமே வந்து உட்கார்ந்திருந்தார். கடையில் இரண்டே நாற்காலி. ஒன்றில் அவர். இன்னொன்றை இழுத்துப் போட்டு, உட்காரும்மா என்றார். வினோதா மாமனாரைப் பார்த்தாள். "அட, உக்காரு. வேலைக்கி வந்த எடத்துல என்னா" என்றார் பெரியவர். பிறகு டீ வாங்கிவரச் சொல்லி ராமப்பனை அனுப்பினார். அவர் கட்டுப் போட்ட கையை அணைவாகக் கொடுத்து மூன்று டம்ளரையும் தளும்பாமல் கொண்டுவந்து, பெரியவருக்குக் கொடுத்தார், ஆஞ்சப்பனுக்குக் கொடுத்தார், மூன்றாவதை மருமகளிடம் நீட்டினார். தனக்கு வாங்கவில்லை. அந்த டம்ளரை வாங்கும்போது பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக் கூடாதா என்று இருந்தது அவளுக்கு.

ஆஞ்சப்பன் பதவிசான ஆள். அவளை மேடம் என்றுதான் கூப்பிட்டார். பழைய கட்டையைக் கழற்றி எடுத்தார். ஒரு பக்கம் உருகி, வெல்லம் இளகின மாதிரி வழிந்து இறுகியிருந்தது. வைப்பருக்குப் போகிற வயர் ஒரு மூலையில் தேய்ந்து தகரத்தைத் தொட்டிருக்கிறது, அதனால்தான் பீஸ் போய்க்கொண்டே இருந்திருக்கிறது என்று காட்டினார். போக வேண்டியது போகாமல் இருந்ததால் வயர் மொத்தமும் எரிந்திருக்கிறது என்றார். "பீஸ் போறதுதாங்க அதோட வேல. வண்டிக்குப் பதிலா அது சாவுது" என்றார். பெரியவர் திரும்பி ராமப்பனைப் பார்த்தார். ராமப்பன் தரையைப் பார்த்தார்.

எரிந்த வயர்களைச் செம்பு பளிச்சென்று தெரிகிற வரைக்கும் வெட்டித் தள்ளி, புதுக் கட்டையைத் திருகி முடுக்கினார் ஆஞ்சப்பன். நாலு முனை. வயர் எல்லாம் கருகி ஒரே கருப்பாக இருந்தது.

"இது பேட்டரியிலருந்து வருது, தெரியுது. மீதி மூணும் கலரு போயிடுச்சு. சுச்சுலருந்து வரது எது, வைப்பருக்குப் போறது எதுன்னு கொஞ்சம் சொல்லுங்க மேடம். நானு டெஸ்ட் லேம்ப் வெச்சும் பாத்துக்குவன். நீங்க சொன்னா ஒரே வேலையா முடிஞ்சிடும்."

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரும் எழுந்து வந்து நின்றார். ராமப்பன் லேசாகத் தலையாட்டிக் காட்டினார், நீயும் ஆட்டு என்று. எதற்கு ஆட்டுவது? மூன்றில் ஒன்றைக் கைகாட்டி ஆஞ்சப்பன் கேட்டிருந்தாலாவது ஆட்டியிருக்கலாம். மூன்று கருப்பு வயரும் அவளுக்கு ஒன்று போலவே இருந்தது. தப்பாக ஒன்றைத் தொட்டுக் காட்டினால் மறுபடி ஒரு நாள் எங்காவது புகையும். மறுபடி மாமா அதற்குள் கையை விடுவார்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

பெரியவர் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. பொறுமையா பாத்துச் சொல்லும்மா, அவசரமில்லை என்றார்.

"தெரியாதுங்கய்யா. அந்தக் கம்பியச் சுத்தனதும் நான்தாங்க. மாமா இல்ல."

 பெரியவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பாசம் இருந்தது. "பாத்தியா ஆஞ்சப்பா, மாமனாருக்குப் பரிஞ்சிக்கிட்டு பழிய தம்மேல போட்டுக்குது. இந்தக் காலத்துல யாரு செய்வா?" என்றார். ராமப்பன் அவசரமாக முன்னால் வந்தார்.

"ஆமாங்கய்யா. அது பொய் சொல்லுது. எனக்கு வேல போச்சேன்னு பொய் சொல்லுது."

அவர் முகத்தைப் பார்த்தால் அதோடு விட்டுவிடத்தான் தோன்றும். விட்டிருந்தால் நல்ல மருமகள் என்ற பெயரும் சேர்ந்து கிடைத்திருக்கும். வினோதாவுக்கு அருவருப்பாக இருந்தது, தன்மேலேயே. உருகிப்போன பழைய கட்டையை எடுத்தாள். அதில் அந்தக் கண்ணாடிப் பீஸ் பாதி கருகி, கம்பி சுற்றியபடியே ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர்த்து எடுத்துப் பெரியவர் உள்ளங்கையில் வைத்தாள். ஆஞ்சப்பன் எட்டிப் பார்த்தார். இப்படி யாரும் சுற்றமாட்டார்கள், எல்லாரும் இரண்டு முனையிலும் முறுக்கித்தான் விடுவார்கள், இது சுற்றின்மேல் சுற்று பாதி பாதி ஏறியிருக்கிறது என்று தனக்குள் சொல்வதுபோல் சொன்னார்.

வினோதா கீழே கிடந்த வெட்டுவயர் ஒன்றை உரித்தாள். ஆஞ்சப்பன் பெட்டியிலிருந்து போன பீஸ் ஒன்றை எடுத்து எல்லார் கண்ணெதிரிலும் சுற்றினாள். விரல் தானாக ஓடியது. ஒரு சுற்றின்மேல் அடுத்தது சரிபாதி. முடித்து அதையும் பெரியவர் கையில் வைத்தாள். கருகினது ஒன்று, புதுசு ஒன்று. இரண்டும் ஒரே கை.

"கம்பெனியில நான் இதாங்க செய்யறன். வயரு மேல டேப்பு சுத்தறன். ஒரு எடத்துல ஒண்டிதான். அந்த வயரு எங்க போவுது, எதுக்குப் போவுதுன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் இஞ்சினீரு படிக்கல. பன்னண்டாவதுதான். அன்னிக்கி மாமா கூப்ட்டப்ப தெரியாதுன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கினு சுத்திட்டன். பிரியாக்கா உழுந்ததுக்கு நான்தாங்க காரணம்."

சொல்லும்போது அவள் பெரியவரைப் பார்த்துத்தான் சொன்னாள். மாமனார் பக்கம் திரும்பவில்லை. அவர் இன்னொரு தரம் "இல்லீங்கய்யா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. கடையை விட்டு இறங்கி, ரோட்டோரமாகப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பெரியவர் இரண்டு பீஸையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் தன் சம்பந்தி வீட்டில், எங்க டிரைவர் மருமகள் கார் இஞ்சினீர் என்று ஒரு தரமாவது சொல்லியிருப்பார். அந்த வெட்கம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும். திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று அவள் காத்திருந்தாள். அவர் எழுந்துபோய் ரோட்டில் நின்ற ராமப்பனிடம் சாவியை நீட்டினார்.

"நாளைக்கி வந்து வண்டிய எடு. உனக்கென்னடா வந்துச்சு, பொய் சொல்றதுக்கு?"

ராமப்பன் சாவியை வாங்கிக்கொண்டார்.  பெரியவர் சுரேந்தருக்குப் போன் போட்டு வரச்சொல்லி, புதுக்காரில் ஏறிப் போய்விட்டார். போகும்போது வினோதாவிடம் ஒன்றும் பேசவில்லை. ஆஞ்சப்பன் டெஸ்ட் லேம்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். "கொஞ்சம் தள்ளிக்கம்மா, வெளிச்சம் மறைக்குது" என்றார். குரலில் குறை ஒன்றும் இல்லை, மேடம் மட்டும் போயிருந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து தள்ளி நின்றாள். பல்பு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. மூன்று வயரும் எதெது என்று பார்த்துப் புதுக் கட்டையில் மாட்டி முடிக்கிறவரை அவள் நின்றுகொண்டே இருந்தாள். போ என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டம் குறைவு. மாமனாரும் மருமகளும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தார்கள். மனசிலிருந்த பாரம் இறங்கிவிட்டது என்று நினைக்கப் பார்த்தாள். உண்மையைச் சொல்லிவிட்டோம், வேலை திரும்பிவிட்டது, இனி களி தொண்டையில் இறங்கும் என்றெல்லாம் தனக்கே சொல்லிக்கொண்டாள். முன்சீட்டில் தெரிந்த அவருடைய பிடரியைப் பார்த்தால் அதெல்லாம் நிற்கவில்லை. சாவியை வாங்கித் தந்தோம், வேறு எதையோ பிடுங்கிக்கொண்டோம் என்று இருந்தது.

பாதி வழியில் மாரம்மா ஏறினாள். பக்கத்து ஊரில் கீரை விற்கிறவள், ராமப்பனின் பேச்சைப் பல பஸ்ஸில் கேட்டவள். கூடையைக் காலடியில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து, கை எப்படி ஆனது என்று விசாரித்தாள். பின்னால் திரும்பி வினோதாவைப் பார்த்தாள்.

"ஏண்ணா, இதுதானா அந்தப் பொண்ணு? காரு செய்யற இஞ்சினீரு மருமக?"

ராமப்பன் ஜன்னல் வழியாகத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராது என்றுதான் வினோதா நினைத்தாள். ஒரு தோப்பு கடந்து இன்னொரு தோப்பும் கடந்தது.

"இஞ்சினீரு இல்லம்மா" என்றார். "வயரு கம்பெனியில டேப்பு சுத்துது."

சற்றுமுன் கடையில் அத்தனை பேர் முன்னால் அவளே தன் வாயால் சொன்ன சொல்தான். அப்போது தாங்கியது. அவர் வாயிலிருந்து வந்தபோது தாங்கவில்லை, முந்தானையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். மாரம்மா, அதுக்கென்ன அண்ணா, அதுவும் வேலைதானே என்று என்னவோ ஆறுதலாகச் சொன்னாள். நாகரசம்பட்டிக்கு இன்னும் தூரம் இருந்தது. ராமப்பன் இறங்குகிறவர் மாதிரி எழுந்து, படிக்கட்டுப் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.